சொல்லிழந்தார்க்குச் சொல்
(திங்கட் கூட்டமொன்றில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



ஒருவன் பொருளைப் பறித்தால் அவன் உழைத்து மீண்டும் ஈட்டுவான். அவன் நிலத்தைப் பறித்தால் போராடி மீட்பான். அவன் சொல்லைப் பறித்துவிட்டாலோ, பறிபோனது இன்னதென்று எடுத்துரைக்கவும் அவனால் இயலாது. இழப்புகளுள் எல்லாம் பேரிழப்பு சொல்லிழப்பே ஆகும். அவ்விழப்பிற்கு ஆளானோர்க்கு இற்றைநாள் மூளை மருத்துவமும் கணிப்பொறியியலும் கைகோத்து ஒரு வழியைத் திறந்துள்ளன. அவ்வழி எத்தகையது, அதில் நடப்பதற்கு வேண்டும் விழிப்பு யாது, அவ்வழி எம்மொழியார்க்குத் திறந்துள்ளது, எம்மொழியார்க்கு அடைபட்டுள்ளது என்பவற்றை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

செய்தி பாரிசு நகரிலிருந்து தொடங்குகின்றது. அந்நகரை அடுத்த பிசேத்திரு மருத்துவமனையின் அறுவைப் பிரிவிற்கு 1861-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் நோயாளி ஒருவன் கொண்டுவரப்பட்டான். அவன் பெயர் இலெபோர்ஞ். ஆனால் அங்கிருந்தோர் அவனை அப்பெயரால் அழைப்பதில்லை. ‘தான்’ என்றே அழைத்தனர். எதனைக் கேட்டாலும் ‘தான், தான்’ என்னும் ஓரசையையே அவன் விடையாகக் கூறியமையின் அதுவே அவனுக்குப் பெயராயிற்று. தமிழில் அச்சொல் ஒருவன் தன்னையே குறிக்கும். அவன் வாயிலோ அஃது எதனையும் குறியாத வெற்றோசை. பிறர் கூறுவது அவனுக்கு விளங்கிற்று. எண்ணிக்கை கேட்டால் இடக்கை விரல்களை விரித்துக் காட்டினான். தன் கருத்தைப் பிறர் உணராதபொழுது சினந்தான். அறிவு உள்ளே இருந்தது. சொல் வெளியே வரவில்லை. இவ்வாறே அவன் 21 ஆண்டுகள் அம்மருத்துவமனையில் வாழ்ந்தான்.

அறுவைப் பிரிவிற்கு வந்த சில நாள்களிலேயே அவன் இறந்தான். அவன் மூளையை ஆராய்ந்த பால் புரோக்கா என்னும் மருத்துவர், இடப்பக்க முன்மூளையின் கீழ்ப்பகுதி சிதைந்திருப்பதைக் கண்டார். பேச்சிற்கு மூளையில் ஓரிடம் உண்டென்று அவர் நிறுவிய அவ்விடம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 13 ஆண்டுகள் கழிந்து, 1874-இல், கார்ல் வெர்னிக்கே என்னும் 26 அகவை இளைஞர் வேறொரு வகையான இழப்பை விளக்கினார். அவ்வகை நோயாளிகள் தங்குதடையின்றிப் பேசுவர்; ஆனால் பேச்சில் பொருள் இராது. பிறர் கூறுவதும் அவர்க்கு விளங்காது. தம் பேச்சுப் பிழையுடையதென்பதும் பெரும்பாலும் அவர்க்குத் தெரியாது. முன்னவனுக்குப் பொருள் இருந்தது, ஓட்டம் இல்லை. பின்னவர்க்கு ஓட்டம் உண்டு, பொருள் இல்லை. இவ்விரு நிலைகளையும் நினைவில் இருத்துக. இனிக் கூறப்படும் பொறியின் தன்மையை அறிதற்கு இவை அளவுகோலாகும்.

மொழிப்படிமம் என்பது யாது?

செய்யறிவு என்று இன்று பலரும் பேசுவதன் ஒரு பிரிவே மொழிப்படிமம். அதன் அடிப்படை மிக எளியது. ஒரு சொல்லைக் கேட்டவுடன் அடுத்து வரத்தக்க சொல் எதுவென்று ஊகிப்பதே அதன் தொழில். ‘நீர்’ என்று நோயாளி ஒருவர் தொடங்கினால், அருகிருக்கும் செவிலி ‘வேண்டும்’ என்பதனை அவர் கூறாமுன்னரே உணர்வாள். பல்லாயிரம் முறை கேட்ட பழக்கமே அவளுக்கு அவ்வூகத்தைத் தருகின்றது. பொறிக்கும் அத்தகைய பழக்கத்தை எழுத்துகளின் வாயிலாக ஊட்டுகின்றனர்.

இம்முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1913-இல் மார்க்கோவ் என்னும் உருசியக் கணக்கறிஞர், புகழ்பெற்ற உருசியப் பாவியம் ஒன்றிலிருந்து 20,000 எழுத்துகளைக் கையால் எண்ணி, எவ்வெழுத்தின்பின் எவ்வகை எழுத்து வருகின்றதெனக் கணக்கிட்டார். 1948-இல் கிளாடு சானன் என்னும் அமெரிக்க அறிஞர் அம்முறையைச் சொற்களுக்கும் விரித்தார். 2017-இல் கூகுள் ஆய்வாளர் எண்மர் வெளியிட்ட கட்டுரை, ஒரு தொடரிலுள்ள சொற்கள் யாவும் ஒன்றையொன்று ஒருங்கே நோக்கிப் பொருந்துமாறு செய்யும் புதிய அமைப்பைத் தந்தது. அதன்மேல் எழுந்தவையே இற்றைநாளின் பெருமொழிப்படிமங்கள். 2022 நவம்பரில் ‘சாட் சி.பி.டி.’ பொதுமக்கள் கைக்கு வந்தபின் அவற்றை அறியாதார் இலராயினர்.

ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். இப்பொறி உண்மையைத் தேடுவதன்று, பொருந்துவதைத் தேடுவது. உண்மையும் பொருத்தமும் பெரும்பாலும் ஒன்றுபடுவதால் அது பயன்படுகின்றது. அவை பிரியுமிடத்தில் அதே பொறி அதே நடையில், அதே துணிவுடன் பிழை கூறுகின்றது. வெர்னிக்கே கண்ட நோயாளியின் தங்குதடையற்ற பேச்சு ஈண்டு நினைவிற்கு வருவது இயல்பே.

மூளையிலிருந்து சொல்

இனி, சொல்லிழந்தார்க்கு இது பயன்படுமாற்றைக் காண்போர் வியப்படையாதிரார். பேசும்பொழுது இதழ், நாக்கு, தாடை, மிடறு ஆகியவற்றை இயக்குமாறு மூளையின் மேற்புறத்தில் ஒரு பகுதி கட்டளையிடுகின்றது. மூளைத்தண்டில் குருதியோட்டம் தடைப்பட்டாலோ, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் சாகும் நோய் வந்தாலோ, அக்கட்டளை உறுப்புகளைச் சென்று சேர்வதில்லை. ஆயினும் கட்டளை பிறப்பது நிற்பதில்லை. பேச முயலுந்தோறும் அவ்விடத்தில் மின்னசைவுகள் எழுந்தவண்ணமே உள்ளன. அவற்றை மூளையின்மேல் பதித்த மின்முனைகளாற் பற்றி, கணிப்பொறிக்குச் செலுத்திச் சொல்லாக மாற்றலாகும்.

2021-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிசுக்கோ வளாகத்தில் எட்வர்டு சாங்கு என்னும் அறுவை மருத்துவரின் குழுவினர் இதனைச் செய்து காட்டினர். மூளைத்தண்டுத் தாக்கினால் 15 ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சிழந்திருந்த ஒருவரின் மூளைமேல் 128 மின்முனைகள் பதிக்கப்பட்டன. 50 சொற்களே அவர்க்கு வகுக்கப்பட்டன. மின்னசைவை மட்டும் கொண்டு அவர் முயன்ற சொல் எதுவென்று கண்டபொழுது 100-க்கு 47 அளவே சரியாயிற்று. மொழிப்படிமம் இன்றித் தொடர்களைப் படித்தபொழுது 100 சொற்களில் ஏறத்தாழ 60 பிழைபட்டன. மொழிப்படிமத்தைத் துணைகொண்டவுடன் அப்பிழை 25.6 விழுக்காடாகக் குறைந்தது. மணித்துளிக்கு 15 சொற்கள் திரையில் தோன்றின. மூளை பாதி கூற, மொழியின் பழக்கம் மீதியை நிரப்பிற்று எனலாம்.

2023-இல் சுடான்போர்டுப் பல்கலைக்கழகக் குழுவினர், நரம்பணு நோயாற் பேச்சிழந்த ஒருவரிடம் 1,25,000 ஆங்கிலச் சொற்களைக் கொண்ட அகரநிரலோடு இதே முறையை ஆய்ந்தனர். மணித்துளிக்கு 62 சொற்கள் வந்தன, பிழை 23.8 விழுக்காடு. அதே ஆண்டில் சாங்கின் குழுவினர், மூளைத்தாக்கினாற் பேச்சிழந்த பெண்மணி ஒருவர்க்கு 253 மின்முனைகளைப் பதித்து மணித்துளிக்கு 78 சொற்கள்வரை கண்டனர். இயல்பான ஆங்கில உரையாடலின் விரைவு மணித்துளிக்கு 160 சொற்கள் அளவினது என்பதை ஒப்பிட்டுக் காண்க.

2024-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தேவிசு வளாகத்திலிருந்து வந்த செய்தி இவையனைத்தையும் விஞ்சியது. நரம்பணு நோய் கொண்ட 45 அகவையினர் ஒருவர்க்கு 256 மின்முனைகள் பதிக்கப்பட்டன. அறுவைக்குப்பின் 25-ஆம் நாள் அவர் பொறியை முதன்முறை பயன்படுத்தினார். அன்றே, அரைமணி நேரப் பயிற்சிக்குப்பின், 50 சொற்களளவில் 99.6 விழுக்காடு சரியாயிற்று. பின்னர் 1,25,000 சொற்களுக்கு விரித்து, எட்டுத் திங்களுக்கு மேலாக 97.5 விழுக்காட்டளவு சரியாக நிலைபெறச் செய்தனர். முன்னர்ச் சிறிய மொழிப்படிமமே பயன்பட்டது. இங்கு அதனோடு பெருமொழிப்படிமமும் சேர்ந்து தொடர்களைத் திருத்திற்று. நோய்வருமுன் பதிந்து வைத்திருந்த அவருடைய பேச்சுகளைக் கொண்டு, பழைய அவர் குரலை ஒத்த குரலிலேயே பொறி அத்தொடர்களை ஒலித்தது. தோன்றிய தொடர் சரியா பிழையா எனக் கண்ணசைவால் அவரே குறித்துக் காட்டவும் வழி இருந்தது. 

புரோக்காவின் நோயாளிக்குச் சிதைந்தது சொல் பிறக்கும் இடமே. இவர்களுக்கு அறுந்தது சொல் செல்லும் வழி. ஆகலின் இப்பொறி எல்லார்க்கும் உதவும் எனல் பிழை. சொல் பிறக்கும் இடமே சிதைந்தார்க்குச் செய்யவேண்டுவது இன்னும் மிகுதி.

பேச்சில் நோயை அறிதல்

பேச்சிழந்தார்க்குப் பேச்சுத் தருவது ஒன்று. பேசுவார் பேச்சிலிருந்து வரப்போகும் நோயை அறிவது மற்றொன்று. மறதிநோய் மூளையைத் தின்னத் தொடங்கி நெடுநாள் சென்றே வெளிப்படுகின்றது. அதற்குமுன் பேச்சில் அதன் சுவடு தெரியுமா?

அமெரிக்காவில் துறவுக் கன்னியர் 678 பேரை நெடுங்காலம் ஆராய்ந்த பேராய்வு ஒன்று உண்டு. அதன் ஒரு பகுதி 1996-இல் வெளிவந்தது. அக்கன்னியர் ஏறத்தாழ 22 அகவையில் மடத்திற் சேருங்கால் தத்தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்திருந்தனர். அவ்வெழுத்துகளில் சொல்லுக்குச் சொல் கருத்துச் செறிவு எவ்வளவு எனக் கணக்கிட்டனர். பின்னர் இறந்த 14 பேரின் மூளைகளை ஆய்ந்தபொழுது, இளமை எழுத்திற் கருத்துச் செறிவு குறைந்திருந்தோர் அனைவர்க்கும் மறதிநோய் இருந்தது. செறிவு மிக்கோருள் ஒருவர்க்கும் இல்லை. பதினால்வர் என்பது சிறிய தொகை. அதனைக் கொண்டு தனியொருவர் தலையெழுத்தைக் கூறிவிடல் ஆகாது. ஆயினும் மொழிக்கும் மூளைநலத்திற்கும் உள்ள உறவு எத்துணை ஆழமானது என்பதற்கு அது நல்ல சான்று. 2005-இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஐரிசு மர்டாக்கு என்னும் ஆங்கிலப் புதின ஆசிரியரின் 1995-ஆம் ஆண்டுக் கடைசிப் புதினத்தில், நோய் அறியப்படுமுன்னரே சொல்வளம் சுருங்கியிருந்ததைக் காட்டிற்று.

அன்று கையால் எண்ணியதை இன்று மொழிப்படிமம் நொடியில் எண்ணுகின்றது. 1972-இல் வெளிவந்த பாசுடன் பேச்சிழப்பு ஆய்வுமுறையில் ஒரு படம் உண்டு. அடுக்களையில் ஒரு சிறுவன் முக்காலிமேல் ஏறிப் பண்டம் திருடுகின்றான், முக்காலி சாய்கின்றது, தாய் கலம் துடைத்துக்கொண்டிருக்கின்றாள், தொட்டி நிறைந்து நீர் வழிகின்றது. இப்படத்தைக் காட்டி, ‘காண்பதைக் கூறுக’ என்பர். நலமுடையார் சாயும் முக்காலியையும் வழியும் நீரையும் தாயின் கருத்தின்மையையும் ஒன்றோடொன்று தொடர்புபடுத்திக் கூறுவர். நோயுற்றார் ‘அது’, ‘அங்கே’, ‘அந்த ஒன்று’ எனப் பெயரின்றித் தடுமாறுவர். 2022-இல் திரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், இத்தகைய பேச்சுகளைச் சி.பி.டி-3 என்னும் மொழிப்படிமத்தின் வழியே ஆய்ந்து, நோயுற்றாரையும் நலமுடையாரையும் பெரிதும் பிரித்தறியக் கூடுமெனக் காட்டினர். ஊசியில்லை, குருதி எடுப்பதில்லை, விலைமிக்க பொறியில்லை. சில மணித்துளிப் பேச்சே போதும். ஊர்ப்புற மருத்துவமனைக்கும் எட்டும் முறை இது.

தேர்வில் வென்ற பொறியும் அதன் குறையும்

நரம்பியல் மருத்துவர்க்குரிய தேர்வு வினாக்கள் போல்வன 1,956-ஐச் சி.பி.டி-4 படிமத்திற்குக் கொடுத்துப் பார்த்தனர். 2023 திசம்பரில் வெளியான அவ்வாய்வின்படி அது 85 விழுக்காடு சரியாக விடையிறுத்தது. அதே வினாக்களில் மாந்தரின் பொது அளவு 73.8 விழுக்காடு. 2024-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், மூளையியல் ஆய்வுகளின் முடிவு எவ்வாறமையும் என ஊகிப்பதில் படிமங்கள் 81 விழுக்காடும், துறைவல்லுநர்கள் 63 விழுக்காடும் பெற்றனர்.

இவற்றைக் கேட்டு மருத்துவர் இனி வேண்டா எனத் துள்ளுவார் துள்ளட்டும். முதலாய்விலேயே மற்றொன்றும் கண்டறியப்பட்டது. படிமங்கள் தவறான விடை கூறியபொழுதும் உறுதி தொனிக்கும் மொழியிலேயே கூறின. ஐயுறுதல் அறிவின் முதற்படி. அப்படியையே அவை ஏறவில்லை. நல்ல மருத்துவன், ‘உறுதியாகத் தெரியவில்லை, மற்றுமோர் ஆய்வு செய்வோம்’ என்பான். அத்தொடரே பல உயிர்களைக் காத்துள்ளது. மேலும், தேர்வு வினா நோயை ஒழுங்காக எழுதித் தருகின்றது. நோயாளியோ அவ்வாறு வருவதில்லை. ‘தலை ஒருமாதிரி இருக்கிறது’ என்பார் ஒருவர். அது சுற்றலா, கனமா, வலியா, மயக்கமா என்று கேட்டுக் கேட்டு அறிவது மருத்துவன் தொழில். முழங்கால் முடக்கைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்ப்பதும், நடந்துவரச் சொல்லி அடிவைப்பைக் காண்பதும் எழுத்தினாற் கற்றற்கு உரியன அல்ல. வள்ளுவர் மருந்தென்னும் அதிகாரத்தில் நோயுற்றான், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவான் என மருத்துவத்தை நாற்கூறாக்கினார். பொறி நாலாம் கூற்றில் நிற்கலாம். இரண்டாம் கூற்றின் இருக்கையில் அமர்தற்குரிய நாள் இன்று வரவில்லை.

இதனினும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. பேச்சிழந்தார்க்குரிய பொறி, மின்னசைவு தெளிவற்ற இடத்தில் பொதுவழக்கினைக் கொண்டு நிரப்புகின்றது. பெரும்பாலோர் கூறுவதையே அவரும் கூற வந்தார் எனக் கொள்கின்றது. பெரும்பாலோர் கூறாததைக் கூற வந்தவர் நிலை என்ன? ‘வேண்டும்’ என்பது பெருவழக்காகிய இடத்தில் ‘வேண்டா’ என ஒருவர் முயன்று, பொறி ‘வேண்டும்’ எனத் திருத்தி அவர் குரலிலேயே ஒலித்தால், அச்சொல் யாருடையது? அதனை நம்பி ஓர் அறுவை மருத்துவம் நடைபெறின் பொறுப்பு யாருடையது? ஆதலின் பொறி திருத்துமுன் தன் ஐயத்தைக் காட்டல் வேண்டும். சொல்லுக்குரியவர் ‘இஃது என் சொல்லன்று’ என மறுக்க வழியிருத்தல் வேண்டும். தேவிசு வளாகத்தில் கண்ணசைவுக்கு இடமளித்தது இவ்வறத்தின்பாற்பட்டது. இஃது அருளுடைமையால் தரும் சலுகை அன்று, சொல்லுக்குரியவரின் உரிமை.

மற்றொன்று உள்ளத்தின் காவல். 2023 மே திங்களில் தெக்சாசுப் பல்கலைக்கழகத்தார், அறுவையின்றி, காந்தப் படப்பிடிப்புப் பொறியுள் கிடந்து கதை கேட்டோரின் மூளைக் குருதியோட்டத்தைக் கொண்டே, அக்கதையின் கருத்தை மொழிப்படிமத்தால் ஏறத்தாழ மீட்டெழுதினர். சொல்லுக்குச் சொல் அன்று, கருத்தளவில். மூவர் 16 மணி நேரம் கதை கேட்டுப் பயிற்றிய பின்னரே அது கைகூடிற்று. ஒருவர் மூளையிற் கற்றது மற்றவர்க்குப் பயன்படவில்லை; உள்ளத்தில் வேறொன்றை நினைத்துத் தடுத்தால் பொறி தோற்றது. அன்றைய காவல் இத்தடைகளே. தடைகள் தளருமுன் சட்டக்காவல் எழுதல் நன்று.

எம்மொழியில்?

இனி, பெருமக்களே, இவ்வுரையின் நெஞ்சு போன்ற இடம் இது. மேற்கூறிய பொறிகள் யாவும் எம்மொழியிற் பேசின? ஆங்கிலத்தில். 2021-இல் 50 சொற்கள் பெற்றவரின் தாய்மொழி ஆங்கிலம் அன்று; இசுப்பானியம். ஆங்கிலம் அவர் பின்னாளிற் கற்றது. ஊமையாய்க் கிடந்தவர் வாய்திறந்தபொழுது கற்ற மொழியில் திறந்தார். பெற்ற மொழி உள்ளேயே கிடந்தது. மூன்றாண்டு கழிந்து, 2024-இல், அவர்க்கே இசுப்பானியமும் ஆங்கிலமும் ஒருங்கு பேசும் பொறியை அக்குழுவினர் அமைத்தனர். இரு மொழிக்கும் மூளையில் உறுப்பியக்கம் பெரிதும் பொதுவாகவே உள்ளதென்றும், ஒரு மொழியிற் பெற்ற பயிற்சி மற்றதற்குக் கைகொடுக்கின்றதென்றும் அவ்வாய்வு காட்டிற்று.

இது தமிழர்க்கு நற்செய்தி. மின்முனைக்கு மொழிவேற்றுமை இல்லை. நாவும் இதழும் எல்லார்க்கும் ஒன்றே. எழுத்துகள் நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்ற காற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் இயக்கத்தாற் பிறக்குமாற்றைத் தொல்காப்பியப் பிறப்பியல் வகுத்துக் கூறுகின்றது. இற்றைப் பொறி மூளையிற் படிப்பதும் அவ்வுறுப்பியக்கங்களின் கட்டளையையே. தடை மின்முனையில் இல்லை, மொழிப்படிமத்தில் உள்ளது.

அத்தடையின் அளவைக் காண்க. 2020-இல் வெளிவந்த சி.பி.டி-3 பயின்ற எழுத்தில் ஏறத்தாழ 93 விழுக்காடு ஆங்கிலச் சொற்கள். உலகின் மற்றை மொழிகள் யாவும் எஞ்சிய 7 விழுக்காட்டில் நெருக்குண்டு நின்றன. கணிப்பொறிக் குறியீட்டில் ஆங்கில எழுத்தொன்று ஓர் அலகில் அடங்கும். தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று அலகு வேண்டும். ஆங்கிலத்தையே பெரிதும் நோக்கி வகுத்த படிமங்கள் தமிழ்ச் சொல்லைப் பல துண்டுகளாக நறுக்கிப் படிக்கின்றன. தமிழின் சொல்லமைப்போ வேறு. ஆங்கிலம் மூன்று சொல்லாற் கூறுவதனைத் தமிழ் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என ஒரே சொல்லாற் கூறும். ஆங்கிலத்திற்குப் போதிய 1,25,000 சொல் அகரநிரல் தமிழின் வேற்றுமையும் வினைமுற்றும் எச்சமும் கொள்ளும் வடிவங்களுக்குப் போதாது. பகுதியும் விகுதியுமாகப் பிரித்தறியும் படிமமே தமிழுக்குப் பொருந்தும். அதனை வகுக்க இலக்கணம் அறிந்தார் வேண்டும்.

மறதிநோய் ஆய்விலும் இதே நிலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவாற்றல் ஆய்வுத் தொகுதி பற்றி 2020-இல் வெளிவந்த கட்டுரை, அஃது இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் அமைக்கப்பட்டதைக் கூறுகின்றது. அவ்வைந்தனுள் தமிழ் இல்லை. பாசுடன் படத்தைத் தமிழ் மூதாட்டியிடம் அப்படியே காட்டினும் பயனில்லை. அவ்வடுக்களை அவள் அறியாதது. நின்று கலம் துடைக்கும் தாயை அவள் தன் வீட்டிற் கண்டிராள். அவள் தடுமாறுவது நோயாலா, படத்தின் புதுமையாலா என எவர் கூறவல்லார்? அம்மியும் முறமும் கிணற்றடியும் கொண்ட படம் வேண்டும்.

இன்னொன்றும் எண்ணுக. மொழிப்படிமம் எதனைப் படித்ததோ அதனையே பேசும். கலப்புத் தமிழைப் படித்த படிமம், வாழ்நாள் முழுதும் நல்ல தமிழ் பேசிய ஒருவர் பேச்சிழந்து கிடக்கும்பொழுது, அவர் வாயிற் கலப்புச் சொற்களையே இடும். அவர் ‘மகிழ்ச்சி’ என்று முயல்வார். பொறி ‘சந்தோசம்’ என்று ஒலிக்கும். நெல்லையார் பேச்சும் யாழ்ப்பாணத்தார் பேச்சும் மலேசியத் தோட்டத்தார் பேச்சும் நாளிதழ் நடையொன்றாகத் தேயும். ஆகலின் எழுத்தைத் தொகுப்போர், எத்தமிழைத் தொகுக்கின்றனர் என்பது சொல்லிழந்தார் வாழ்வைத் தொடும் வினா.

செய்யவேண்டுவன

தமிழில் மருத்துவம் இயலாதென்பார்க்கு விடை நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே தரப்பட்டது. 1847-இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். வேற்று நாட்டார் ஒருவர் செய்ததனைத் தமிழ் மருத்துவர் செய்தல் அரிதாகாது.

முதலாவது, நரம்பணு நோய் கண்டவர் குரலை, அது மங்குமுன், வீட்டார் பதிந்து வைத்தல் வேண்டும். கைப்பேசி ஒன்றே போதும். பேரனுக்குக் கதை கூறுவதும் சந்தை விலை பேசுவதும் சினந்து கடிவதும் யாவும் பதியட்டும். அவர் குரலை அவர்க்கு மீட்டளிக்க நாளை அதுவே வித்தாகும். இரண்டாவது, மருத்துவரும் மொழிநூலாரும் ஒருங்கிருந்து தமிழ்க்கெனப் படமும் வினாவும் வகுத்து, நலமுடையார் பேச்சையும் நோயுற்றார் பேச்சையும் அவரவர் இசைவு பெற்றுத் தொகுத்தல் வேண்டும். இசைவின்றி எடுத்த பேச்சு களவாகும். மூன்றாவது, அத்தொகுப்பு பல வட்டாரத் தமிழையும் நல்ல தமிழையும் கொண்டிருத்தல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் பூட்டப்படாமல் ஆய்வார் அனைவர்க்கும் பயன்படல் வேண்டும். நான்காவது, நோயாளியிடம் அவர் மொழியிலேயே கேட்டு, அவர் கூறியவாறே தமிழிற் குறிக்கும் பழக்கம் மருத்துவமனைகளில் வரல் வேண்டும். ஆங்கிலத்தில் மட்டுமே எழுதப்பட்ட நோய்க்குறிப்பைப் படித்து எந்தப் பொறியும் தமிழ் நோயாளியின் மொழியைக் கற்கவியலாது.

பிசேத்திரு மருத்துவமனையில் ஒருவன் 21 ஆண்டுகள் ஓரசையைக் கூறிக் கிடந்தான். அவன் கூற எண்ணியவை அவனோடு மண்ணாயின. இன்று அவனையொத்தவர் தமிழகத்துத் திண்ணைகளிலும் ஈழத்து முற்றங்களிலும் கட்டில்களிற் கிடக்கின்றனர். அவர் கண் நகர்கின்றது, உள்ளம் நகர்கின்றது, சொல் நகரவில்லை. அவர்க்குச் சொல் தரும் பொறி உலகில் தோன்றிவிட்டது. அது தமிழ் பேசுமா என்பது பொறியின் கையில் இல்லை, தமிழர் கையிலுள்ளது. பேச வாய் உள்ளோர் செய்யவேண்டிய இப்பணியை, பேச வாயில்லாதோர் கண்ணால் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

வாழ்க தமிழ்! நலம் பெறுக நோயுற்றோர்!